லைமும் ஸ்க்ரப் டைபஸும்: வால்பாறையிலிருந்து ஓர் ஒப்பீடு

காட்டுக்குள் போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், பூச்சிக்கடியைப் பற்றிக் கைபேசியில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது லைம் நோய். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவரும், கோவையிலிருந்து இரண்டு நாள் தங்கிப் போக வந்தவரும் அதைப் படித்துவிட்டு லைமுக்கு மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் வேறொரு காய்ச்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு மலையோரங்களில் ஆண்டுதோறும் ஆட்களைச் சாய்ப்பது ஸ்க்ரப் டைபஸ். நாளிதழ்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

லைமின் வரலாறு எல்லோருக்கும் கிடைக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம், ஓல்டு லைம் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. பாலி மர்ரே என்ற தாய், தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கண்டதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு சுகாதாரத் துறையை விடாமல் கேட்டார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவர் ஆலன் ஸ்டியர் ஆராய வந்தார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்தார். பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,76,000 பேர் லைமுக்காக மருத்துவம் பெறுகிறார்கள் என்பது அரசின் மதிப்பீடு.

ஸ்க்ரப் டைபஸை ஜப்பானியர் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா காடுகளில் படைவீரர்களை அது வாட்டியது. போர் முடிந்ததும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேச்சு குறைந்துபோயிற்று. அந்தக் காலத்திலும் மலைத்தோட்டங்களில் காய்ச்சலுக்குக் குறைவில்லை. 1940களில் இந்த ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல், தொழிலாளர் நோயில் மடிந்ததை ‘ரெட் டீ’ என்ற நாவலாகவே எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’.

இரண்டு நோய்க்கும் பொதுவான ஒன்று, அவை பிறக்கும் இடம். கனெக்டிகட்டில் காட்டைத் துண்டு போட்டு வீடுகள் எழுந்த ஓரங்களில் எலியும் மானும் உண்ணியும் பெருகின. வால்பாறையில் 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். நடுநடுவே சோலைத் துண்டுகள் மிஞ்சின. இங்கே எந்தத் தோட்டத்திலும் கொஞ்சம் நடந்தால் ஒரு காட்டோரம் வந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் புல், அதையடுத்து ஓடை, அங்கே எலி. ஸ்க்ரப் டைபஸைப் பரப்பும் சிற்றுயிர் விரும்புகிற இடம் அதுவே.

பரப்பும் உயிர் மட்டும் வேறு. லைமைத் தருவது உண்ணி. எலியின் ரத்தத்தைக் குடித்துக் கிருமியை வாங்கும் அது, மனித உடலில் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமியை இறக்கும். ஆகவே அன்று மாலையே உடம்பைத் தடவிப் பார்த்து, கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தால் ஆபத்து பெருமளவு நீங்கும். ஸ்க்ரப் டைபஸில் அந்த வாய்ப்பு இல்லை. அதைத் தருவது ஒரு நுண்சிலந்தியின் இளம்புழு. அளவு கால் மில்லிமீட்டருக்கும் கீழே, கண்ணுக்கே தெரியாது, வலிக்காது. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே அதற்குள் வந்து சேர்கிறது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்பது கிருமியின் பெயர். “பூச்சி எதுவும் கடிக்கலீங்க” என்று நோயாளி சொல்வது முழு உண்மை. அந்தப் பதிலை வைத்து இந்த நோய் இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

இரண்டுமே தோலில் தடயம் விட்டுச் செல்கின்றன. லைமில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் விரியும். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அது தோன்றும். வலி இல்லாவிட்டாலும் அகலமாக இருப்பதால் பெரும்பாலும் கண்ணில் படும். ஸ்க்ரப் டைபஸின் தடயம் சின்னது: பீடி நெருப்பு சுட்ட வடுப் போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. அரிப்போ வலியோ இருக்காது. புழு உடை இறுக்கும் இடத்தைத் தேடிப் போவதால், பொருக்கு மறைவிடத்தில்தான் இருக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஆராய்ந்தபோது ஆண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் மிகுதியாகக் காணப்பட்டது.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய்ச்சலோடு வரும் ஓர் அக்கா, கூட்டம் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஆண் மருத்துவர் முன்னால் ரவிக்கையைத் தளர்த்தமாட்டார். மருத்துவரும் கேட்கத் தயங்குவார். எந்தக் கருவியும் செலவும் வேண்டாத ஒரு சோதனை அங்கே நின்றுபோகிறது. திரை மறைத்த ஒரு மூலையும், தலைமுதல் கால்வரை பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியரும் இருந்தால் போதும். அதற்கு முன், வீட்டிலேயே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அம்மாவோ மகளோ பார்க்கலாம். பொருக்கு இல்லாவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை. வேலூரிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது தென்பட்டது.

நோயின் வேகத்தில் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. லைம் பொறுமையானது. கவனிக்காமல் விட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்து முகநரம்பு தளரும், இதயத் துடிப்பு குழம்பும், முழங்கால் வீங்கும். உயிரிழப்பு மிக அரிது. ஸ்க்ரப் டைபஸ் கடித்துச் சுமார் பத்து நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமலோடு தொடங்கும். இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கும். ரத்தத் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று நினைத்து, நாள்தோறும் தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

மருந்து இரண்டுக்கும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். டாக்சிசைக்ளின், எந்த மருந்துக்கடையிலும் இருக்கும் மலிவு மாத்திரை. லைமுக்கு 10 முதல் 14 நாள் வரை, ஸ்க்ரப் டைபஸுக்கு ஏழு நாள் கொடுப்பது வழக்கம். மற்ற மருந்துகளில்தான் வேறுபாடு. லைமுக்கு அமாக்ஸிசிலின் கேட்கும், நரம்பைத் தாக்கினால் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி கேட்கும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி செல்லுக்குள் வாழ்வது, இவை இரண்டுக்குமே அது அசையாது. நம் ஊரில் காய்ச்சலென்றால் முதலில் கைக்கு வருபவையோ இவைதான். ஐந்து நாள் ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல், டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளில் இறங்கிவிட்டால் அதுவே நோயைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் வால்பாறையில் லைம் அறவே இல்லையா? இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. சிம்லாவிலிருந்து 1990இலேயே லைம் பற்றிய அறிக்கை வந்தது. நாகரஹொளே, பந்திப்பூர் வனப்பகுதிகளில் வேலை செய்கிறவர்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பணுக்கள் இருந்ததாக ஆய்வு உண்டு. ஆனால் எதிர்ப்பணு இருப்பதால் மட்டும் நோய் இருப்பதாகாது. பழைய தொற்றாக இருக்கலாம், வேறு கிருமியின் எதிர்ப்பணு சோதனையில் தவறாகப் பதிந்திருக்கலாம். எனவே விரியும் சிவப்பு வட்டம் இருந்தால் லைமை நினைக்கட்டும். அது இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருக்கிறவர், லைம் சோதனைக்காகப் பெருநகர ஆய்வகங்களைத் தேடி அலைவது நாளை வீணாக்குவது. முதலில் ஸ்க்ரப் டைபஸ், அதோடு டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா என்று பார்ப்பதே இங்கே முறை.

ஸ்க்ரப் டைபஸுக்கான ஐ.ஜி.எம். எலைசா சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஐந்தாறு நாளில் எதிர்ப்பணு போதிய அளவு உருவாகியிருக்காது, சோதனை இல்லை என்றே காட்டலாம். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சந்தேகம் வந்தாலே முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று, வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அத்தகைய தீவிரச் சிகிச்சைக்குக் கோவைக்குத்தான் இறங்கியாக வேண்டும்.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர், ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் மண் சரிந்தால் அந்தப் போக்குவரத்தும் நிற்கும். ஆகவே நான் கேட்பது ஒன்று. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியவரை, அல்லது மூச்சு வாங்குகிறவரை, கீழே அனுப்ப முடிவெடுத்தால், வண்டி ஏறும் முன்பே மருத்துவர் முதல் வேளை டாக்சிசைக்ளினைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். நோயாளி கர்ப்பிணியாக இருந்தால் அதற்குப் பதில் அசித்ரோமைசின்.