கூர்தல் நின்றுவிட்டதா?

"உயிர்கள் மாறி மாறியே மனிதன் தோன்றினான் என்கிறீர்களே, அந்த மாற்றம் இன்று ஏன் நின்றுவிட்டது?" என்று கேட்டு, கேட்டவுடனே வென்றுவிட்டதாகக் களிப்போர் மதுரையில் இன்றும் உண்டு. பரிணாமம் எனப்படும் கூர்தல் நிற்கவில்லை என்பதே விடை. அவ்விடை அவர்தம் குருதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஏடு பெயர்த்தெழுதுவோன் கையில் ஓர் எழுத்துப் பிறழ்வது போல், தலைமுறைதோறும் மரபணுவிலும் சில எழுத்துகள் பிறழ்கின்றன. மதுரையை அடுத்த ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரார் சிலரிடம் அத்தகைய பழம் பிறழ்வு ஒன்று இருக்க, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்டனர். எம்130 என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவினின்று பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட மாந்தரின் வழித்தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது உண்டு.

அது வெறும் அடையாளம். ஆயின், வாழ்வையும் சாவையும் தீர்க்கும் பிறழ்வுகளும் உள. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணுக் கூறு இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டனர். அதனைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் மலேரியாவுக்கு எதிரான காப்பு! இதனை 1954-இல் ஆப்பிரிக்க ஆய்வின் வழி அல்லிசன் விளக்கினார். மலேரியா மலிந்த காட்டில் காப்பது, அந்நோய் இல்லாத ஊரில் சுமையாகிறது. இயற்கையின் ஏட்டில் உயர்வு தாழ்வு ஏது? சூழலுக்கு இயைந்தது, இயையாதது, அவ்வளவே!

உயர்வு தாழ்வை எழுதியவன் மனிதன். எழுதியதோடு நின்றானா? இயற்கையின் வேலையிலும் கை வைத்தான். ஐதராபாத், ஹார்வர்டு அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர். கீழடியில் செங்கல் அடுக்கிக் கட்டடம் எழுப்பிய காலமும் அதனுள் அடங்கும். பின்னரே அகமணம் என்னும் வேலி இறுகியது. வேலிக்குள் ஒரே பிறழ்வைத் தாயும் தந்தையும் சுமக்கும் வாய்ப்புப் பெருகியது. 2017-இல் வெளியான ஆய்வு 263 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களிடம், சிறு முன்னோர் கூட்டத்தினின்று பெருகியதன் சுவடு ஃபின்லாந்து மக்களிடம் இருப்பதைக் காட்டிலும் ஆழமாக இருந்தது.

ஆகவே, கூர்தலின் கைகளுள் ஒன்று நம் திருமணப் பந்தல். சாதிக்குள் மணம், அதற்குள்ளும் முறைப்பெண், தாய்மாமன் உரிமை! சொத்து வெளியே போகலாகாது என்கிறோம். சொத்தோடு நோயும் உள்ளேயே தங்குகிறது.

இவ்வேலியைப் பிரிக்க ஆயிரம் ஆண்டுகள் வேண்டா. வேலி தாண்டி மணந்தோரின் பிள்ளைக்கு, மறைந்திருக்கும் பிறழ்வு இரட்டிப்பாய் வந்து சேரும் வாய்ப்பு அந்தத் தலைமுறையிலேயே குறைகிறது. தேவை துணிவு ஒன்றே!