சீமைக் கருவேலத்துக்கு ஓர் அடங்கல்

சீமைக் கருவேலம் இந்தியாவுக்கு வந்த கதைக்குக் கோப்பு இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் வடக்கு வட்டக் காப்பாளராக இருந்த பெடோம், 1876இல் விதை வேண்டுமென்று எழுதினார். வறண்ட நிலத்திலும் விறகு தரும் மரம் என்பது எதிர்பார்ப்பு. 1877இல் கடப்பைக்கு அருகே கமலாபுரத்தில் நட்டார்கள். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் இயல்பாக வளரும் மரம் இப்படித்தான் சென்னை மாகாணத்துக்குள் வந்தது. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதற்கு அரச மரியாதையே கொடுத்தது.

அதற்குப் பிறகு கணக்கு அறுந்துபோகிறது. விருதுநகர் மாவட்டத்தில் எந்தக் கண்மாய்க்கு எந்த ஆண்டில் இது வந்தது, எந்தப் புஞ்சையை எப்போது மூடியது என்று சொல்ல ஒரு பதிவேடும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், காமராசர் காலத்தில் விதை தூவினார்கள் என்பார்கள். காமராசர் முதல்வரானது 1954இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கமலாபுரத்தில் மரம் நின்றுவிட்டது. ஊருக்குள் வந்த தேதியை யாரும் எழுதிவைக்காததால், ஊர்ப் பேச்சே வரலாறாகிவிட்டது.

நிலவரைபட மென்பொருள் எழுதுவது என் தொழில். என் அப்பா திருச்சுழிப் பக்கம் தலையாரியாக இருந்தவர். 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும், சர்வே எண் சர்வே எண்ணாக அவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் தலையாரிகள்தான். கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல், அப்படி நடந்து எழுதியது. இந்தப் பசலியில், அதாவது வருவாய் ஆண்டில், இந்த எண்ணில் என்ன விதைத்திருக்கிறது, எவ்வளவு பரப்பு, தண்ணீர் எங்கிருந்து என்று அதில் இருக்கும். அடுத்த பசலியில் அதே எண்ணுக்கு மறுபடியும் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியில் கணக்கைத் தணிக்கைக்கு வைக்க வேண்டும். ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் கண்காணிக்கும் மென்பொருளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

மரம் பரவியதற்கு மண்ணும் ஒரு காரணம், மனிதர்கள் வேலை மாறியது இன்னொரு காரணம். கரிசல் மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் சிவகாசியில் வேர்விட்டன. மழை குறைவான வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அனுகூலம், வெள்ளாமைக்குப் பாதகம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் வாரக் கூலிக்குப் போகத் தொடங்கியதும், பொய்த்துப் பொய்த்து அலுத்த புஞ்சைகள் ஒவ்வொன்றாக உழவில்லாமல் கிடந்தன. அடங்கலில் அவற்றுக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதினார்கள். அந்தத் தரிசில் என்ன முளைத்திருக்கிறது என்று எழுதப் பத்தி இல்லை.

முளைத்தது சீமைக் கருவேலம்தான். இனிப்பான நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, போகிற வழியெல்லாம் விழும். வெட்டினால் அடித்தூர் பல கிளையாகத் தழைக்கும். தூரோடு பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு எழும்பும். இந்த மூன்றையும் அறியாத எந்தக் கணக்கும் இந்த மரத்திடம் தோற்றுப்போகும்.

கரிமூட்டக்காரர்களுக்கு இது பாடமில்லாமலே தெரியும். வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண்ணால் மூடி, உள்ளே தீயை மூச்சுத் திணறவைத்துப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் மழை ஏமாற்றிய ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கரிதான் அடுப்பெரிய வைத்தது. செங்கல் சூளைக்கும் உயிரிப்பொருள் மின்நிலையத்துக்கும் இதே மரம் போகிறது. காரியாபட்டிப் பக்கம் மூட்டம் போடும் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “வெட்டுறவுக வேற, தூரெடுக்கிறவுக வேற தம்பி. வெட்டுன காட்டுக்கு மூணு வருசத்துல திரும்ப வருவோம். தூரெடுத்த காட்டுல எங்களுக்கு வேலையில்ல.” எந்தக் காடு வெட்டப்பட்டது, எது வேரோடு போனது, எது திரும்பவும் தழைத்தது என்பது அவருக்கு மனக்கணக்கு.

ஊராட்சிகளிலும் கண்மாய்களிலும் இம்மரம் ஏலத்துக்குப் போனது. புறம்போக்கில் நிற்கும் புளியையும் பனையையும் எண்ணி 2சி பட்டா என்னும் மர அனுபவ உரிமை கொடுத்த நிர்வாகம், சீமைக் கருவேலத்தை மொத்தமாக ஒரு தொகைக்குக் கொடுத்தது. அந்த ஏலப் பதிவேடுகள் இம்மரத்தைப் பற்றிய முக்கியமான தரவு என்று நான் நம்புகிறேன். ஊர், ஆண்டு, தொகை மூன்றும் அவற்றில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றினாலே பாதி வரலாறு கிடைத்துவிடும்.

மீதிப் பாதி வானத்தில் இருக்கிறது. முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் பறந்தது. 1980களில் வந்தவை 30 மீட்டர் கட்டங்களாகப் படம் எடுத்தன. ஒரு கட்டம் ஏறத்தாழ 22 சென்ட். 2008இல் அந்தச் சேமிப்பு முழுவதும் இலவசமாகத் திறக்கப்பட்டது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் கட்டம் தருகிறது. அது இரண்டரை சென்ட்தான். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பை எதிரொளிக்கும். இரண்டுக்குமான வேறுபாட்டைக் கணித்தால் பசுமையின் அளவு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த படத்தில் கரிசல் முழுக்கப் பச்சை, எது எதுவென்று பிரிக்க முடியாது. சித்திரை, வைகாசிப் படத்தை எடுக்க வேண்டும். வெள்ளாமை முடிந்து புல்லும் காய்ந்த நேரத்தில் பச்சையாக நிற்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். சிவகாசியைச் சுற்றிப் பார்த்தால், பாதுகாப்புக்காகத் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள் வெள்ளைப் புள்ளிகளாகவும், வேலிக்கு வெளியே இந்த மரம் பச்சையாகவும் தெரியும்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் சிக்கல். 1981இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். அது நம் மரம், பறவைகள் தங்கும் மரம். கோடையில் அதுவும் பச்சைதான். வேம்பும் குடைவேலும் அப்படியே. வானத்துப் படத்தை மட்டும் நம்பி இயந்திரத்தை இறக்கினால் எது போகும், எது மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது. யாராவது அந்த இடத்துக்கு நடந்துபோய், மரத்தைப் பார்த்து, இருக்குமிடப் புள்ளியோடு படம் எடுத்துவர வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இது நடக்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனமும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் 2010இல் உருவாக்கிய எம்-ஸ்ட்ரைப்ஸ் என்னும் கண்காணிப்பு முறை, 2018 புலிக் கணக்கெடுப்பில் கைப்பேசிச் செயலியாக வனக் காவலர்கள் கைக்கு வந்தது. புலியின் தடத்தோடு களைச்செடிகளையும் அவர்கள் குறித்தார்கள். உண்ணிச்செடி இந்தியாவில் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் பரவியிருக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் கணக்கு இருக்கிறது. இந்தப் பக்கம், மக்கள் வாழும் கரிசலில், இல்லை.

கணக்கில்லாததன் விளைவை 2017இல் பார்த்தோம். வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டு வழக்கறிஞர் ஆணையர்களை நியமித்தது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. அறிவியல் ஆய்வு இல்லாமல் அகற்றுகிறார்கள் என்ற வாதத்தின் பேரில் அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. அகற்றச் சொன்னவர்களின் அக்கறையும் உண்மை, ஆய்வு கேட்டவர்களின் கேள்வியும் நியாயம். இரண்டு தரப்புக்கும் நடுவில் வைக்க ஒரு அடங்கல் இல்லாமல் போனதுதான் குறை. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமாகத் தனிக் கொள்கை வகுத்தது. பாதை சரியானது. அதைத் தாங்கும் கணக்கும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும்.

கென்யாவின் பரிங்கோவில் இல்சாமுஸ் மேய்ச்சல்காரர்கள், அரசு கொண்டுவந்த இதே மரத்தால் நட்டம் என்று வழக்குப் போட்டார்கள். இனிப்பு நெற்றைத் தின்று பல் போன ஆட்டை அவர்கள் சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மேய்ப்பவர் கண்டதைப் பதிய ஒரு முறை இல்லாத இடத்தில் ஆட்டைத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் மாவட்டத்துக்கு நான் எழுத விரும்பும் மென்பொருளில் முதல் பத்தி சர்வே எண், இரண்டாவது பசலி. மூன்றாவது நிலை: நிற்கிறது, வெட்டப்பட்டது, தூரோடு எடுக்கப்பட்டது, மறுபடி தழைத்தது, மாற்றுச்செடி பிடித்தது. நான்காவது, அந்த மரத்தால் யார் பிழைக்கிறார். அகற்றிய இடத்துக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருவர் போனால்தான் கணக்கு முடியும்; ‘அகற்றப்பட்டது’ என்ற ஒரே வரியோடு எந்த எண்ணையும் மூட மென்பொருள் விடக்கூடாது. அப்படிப் போய்ப் பார்ப்பவர் மூட்டம் போடுபவராகவும் ஆடு மேய்ப்பவராகவும் இருக்கட்டும். அதற்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், ஜமாபந்தியில் அந்தக் கணக்கை ஊரார் முன் படிக்க வேண்டும். கமலாபுரத்துக்கு ஒரு கோப்பு எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கரிசலின் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு வரி எழுதவும் முடியும்.