இரண்டு விண்ணப்பங்கள்

விஞ்ஞான மகாநாடு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது பெரியதொரு மண்டபமும், அதன் மேடையில் நின்று உரை நிகழ்த்தும் அறிஞருமே. ஆனால் மகாநாட்டின் கதை மண்டபத்தில் தொடங்குவதில்லை. பல மாதங்களுக்கு முன்னரே, ஒரு விண்ணப்பத்தில் தொடங்கிவிடுகிறது. இன்ன பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேச விரும்புகிறேன், இடம் தருக என்று ஆராய்ச்சியாளர் எழுதுகிறார். குழுவொன்று அதைப் படித்து இடம் தருகிறது, அல்லது மறுக்கிறது. அத்தகைய குழுக்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். மாலைக்குள் ஒரு கட்டு விண்ணப்பங்களைப் படித்து முடிக்க வேண்டிய அவசரத்தில், நமக்குப் பழகிய சொற்களில் எழுதப்பட்டவையே எளிதில் தேறிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனாலோ என்னவோ, தகவல் சாதனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, கருவிகளின் கதையைக் காட்டிலும் விண்ணப்பங்களின் கதையே என் மனத்தைப் பற்றுகிறது. அவற்றுள் இரண்டைச் சொல்கிறேன்.

டக்ளஸ் எங்கெல்பார்ட் 1925-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில், கடற்படையின் ராடார் பணியாளராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்றார். அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தாரின் சிறிய படிப்பகத்தில் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அதை 1945-ல் எழுதியவர் வானேவார் புஷ். யுத்த காலத்தில் அமெரிக்க விஞ்ஞான ஆராய்ச்சியை நெறிப்படுத்தியவர். மனிதன் தான் படித்தவற்றையெல்லாம் ஒரு மேசைக்குள் சேர்த்து, ஒன்றோடொன்று இணைத்து, வேண்டும்போது கண்முன் வரவழைக்கும் பொறியொன்றை அவர் அதில் கற்பனை செய்திருந்தார். அந்த எண்ணம் இளைஞரின் உள்ளத்தில் தங்கிவிட்டது. 1957-ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எங்கெல்பார்ட் சேர்ந்தார். மனித அறிவின் ஆற்றலைப் பெருக்குவது பற்றிய விரிவான அறிக்கையை 1962-ல் எழுதினார்.

அந்நாளில் கணிப்பொறி என்பது துளையிட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டு, நெடுநேரம் கழித்து விடையை அச்சிட்டுத் தரும் யந்திரம். அதன் திரைக்கு எதிரே உட்கார்ந்து எழுதலாம், திருத்தலாம், சிந்திக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நம்புவோர் மிகச் சிலர். அச்சிட்ட கட்டுரையால் மட்டும் இதை விளக்க இயலாது என்று எங்கெல்பார்ட் கண்டுகொண்டார். ஆகவே 1968-ஆம் ஆண்டு இறுதியில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடவிருந்த கணிப்பொறி மகாநாட்டின் குழுவினரை அணுகி, தனி அமர்வு ஒன்று வேண்டுமென்று கேட்டார். கட்டுரை வாசிக்க அன்று, பொறியை நேரே இயக்கிக் காட்ட! குழுவினர் இசைந்தனர்.

இசைந்த பின்னர்தான் கவலை தொடங்கியிருக்கும். பொறி இருப்பது மென்லோ பார்க்கில். மண்டபம் சுமார் 48 கிலோமீட்டருக்கு அப்பால். ஆராய்ச்சி நடப்பதோ அரசாங்கப் பணத்தில். நிபுணர் கூட்டத்தின் முன்னிலையில் பொறி நின்றுபோனால், மானமும் மானியமும் ஒருங்கே போய்விடும். வில்லியம் இங்கிலீஷ் என்ற பொறியியலாளர் இந்தப் பாரத்தைத் தோளில் ஏற்றார். ஆராய்ச்சி நிலையத்தின் கூரையில் அலைவாங்கிகளை அமைத்து, மலைச்சாலையில் நிறுத்திய வண்டியொன்றின் வழியாக நுண்ணலைகளை மண்டபத்துக்கு அனுப்பினார்கள்.

1968 டிசம்பர் 9-ஆம் தேதி, ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடிய அவையில், எங்கெல்பார்ட் 90 நிமிஷம் அமர்ந்தபடியே பேசினார். அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணங்களில் ஒன்று கடையில் வாங்கவேண்டிய பண்டங்களின் பட்டியல்! அதைத் திரையில் எழுதினார், வகைப்படுத்தினார், மடித்தார், விரித்தார். கையடக்கமான ஒரு பெட்டியை அவர் மேசைமேல் உருட்ட, திரையில் புள்ளியொன்று உடன் நகர்ந்தது. இன்று நாம் ‘மௌஸ்’ என்றழைக்கும் கருவி அதுவே. பின்னர் மென்லோ பார்க்கில் இருந்த துணைவரின் முகம் திரையின் ஒரு மூலையில் தோன்றியது. இருவரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வேலை செய்தனர். பொறி நிற்கவில்லை. அவை எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்தபின் நடந்தது அவ்வளவு இனியதன்று. 1970-க்குப் பின் அவருடைய ஆராய்ச்சிக்கு ஆதரவு குன்றியது. இங்கிலீஷ் உட்படத் துணைவர் பலர் வேறிடம் சென்றனர். கணிப்பொறி உலகின் உயர்ந்த விருதாகிய டியூரிங் விருது 1997-ல்தான் அவரைத் தேடி வந்தது. 2013-ல் அவர் காலமானார்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. ஜினீவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில், ஆராய்ச்சிக் குறிப்புகள் சிதறிப்போவதைக் கண்டு வருந்திய டிம் பெர்னர்ஸ்-லீ, அவற்றை இணைக்கும் வலையொன்றுக்கு 1989-ல் திட்டம் எழுதினார். 1990 முடிவதற்குள் அதை இயக்கியும் காட்டிவிட்டார். அவரும் துணைவர் ராபர்ட் கய்யோவும், டெக்ஸஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோவில் 1991 டிசம்பரில் கூடிய மீயுரை மகாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினர். கட்டுரை ஏற்கப்படவில்லை. வேண்டுமானால் ஒரு மேசையில் வைத்துச் செய்துகாட்டலாம் என்ற அளவில் இடம் கிடைத்தது.

அந்தக் குழுவினரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. மீயுரைத் துறையின் அறிஞர்கள் பல ஆண்டுகளாக உழைத்து நுட்பமான அமைப்புகளை உருவாக்கியிருந்தனர். இரு புறமும் செல்லும் இணைப்பு வேண்டும், இணைப்பு அறுந்து தொங்கக் கூடாது என்பவை அவர்களில் பலர் போற்றிய இலக்கணங்கள். பெர்னர்ஸ்-லீயின் வலையில் இணைப்பு ஒரு திசையிலேதான் செல்லும். மறுமுனையில் ஏடு மறைந்தால் அறுந்தும் போகும். இலக்கணப்படி பார்த்தால் அது குறையே. ஆனால் யாருடைய அனுமதியும் கேளாமல் யாரும் யாருடைய ஏட்டையும் இணைக்கலாம் என்ற வசதி அந்தக் குறையிலேதான் ஒளிந்திருந்தது. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் மறுத்திருக்கக் கூடும்.

இருவரும் மனம் தளராமல் ஸான் அன்டோனியோவுக்குச் சென்றனர். அங்கே ஹோட்டலில் இணையத் தொடர்பே இல்லை. தொலைபேசிக் கம்பி ஒன்றை இழுத்துக்கொள்ள அனுமதி பெற்று, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் தயவில் ஜினீவாவோடு தொடர்பு கொண்டனர். உடன் கொண்டு சென்ற ஸ்விட்ஸர்லாந்து மோடம் அமெரிக்க மின்சாரத்துக்கு ஒத்துவராமையால், அதைப் பிரித்துப் பற்றவைக்கவும் வேண்டியிருந்தது.

அதே மகாநாடு 1993-ல் மீண்டும் அமெரிக்காவில் கூடியபோது, செய்துகாட்டும் கூடத்தின் ஒவ்வொரு மேசையிலும் வலையோடு தொடர்புடைய ஏதாவதொன்று இருந்ததாகப் பெர்னர்ஸ்-லீ எழுதியிருக்கிறார். 1994 மே மாதத்தில் வலையைப் பற்றியே முதலாவது சர்வதேச மகாநாடு ஜினீவாவில் நடந்தது. அதற்கு வர விரும்பியோர் அனைவருக்கும் மண்டபத்தில் இடம் போதவில்லை.