பிறப்புப் பதிவும் பாட்டனின் பிறப்பிடமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பிழையைத் திருத்துவதோ, விடுபட்ட விவரமொன்றைச் சேர்ப்பதோ வெறுங் கந்தோர் அலுவலாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. விண்ணப்பம், முத்திரை, சத்தியக் கடதாசி, காத்திருப்பு என்பவற்றோடு அது முடிந்துவிடுவதாகத் தோன்றும். ஆயின் ஆவணங்கள் சமூகத்துக்குப் புறம்பாய்த் தோன்றுவன அல்ல. எவ்விவரம் கேட்கப்படுகின்றது, எவர் சொல்ல எவர் எழுதுகின்றார், எழுதியது பிழையெனில் அதனை நிறுவும் பொறுப்பு எவரைச் சார்கின்றது என்பன யாவும் அதிகாரம் பற்றிய வினாக்களே. மலையகத் தொழிலாளரின் வரலாற்றை இவ்வினாக்களின் அடியாக அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்புகள் நிலத்தையும் அதன்வழி வரும் கடமைகளையும் கணக்கிட எழுந்தவை. பாடசாலைத் தோம்புகள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தன. பிறப்பையும் இறப்பையும் மதச் சார்பின்றிக் கட்டாயமாகப் பதியும் முறை பிரித்தானியராட்சியில், 1867இலேயே இலங்கையில் நிலைபெற்றது. அவ்வேளை கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியிருந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் பருவந்தோறும் வந்து மீண்டனர். 1870களுக்குப் பின் தேயிலை மேலோங்கியதும் ஆண்டு முழுவதும் உழைப்பாளர் தேவைப்பட்டனர்; குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. வந்து போனவர்கள் பிறந்து வளர்பவர்களாயினர்.

எனினும் அப்பிறப்புகள் பதிவேட்டை அடைந்த வழி கிராமத்தவரின் வழி அன்று. தோட்டத்தில் நிகழும் பிறப்பைத் தோட்ட அத்தியட்சகருக்கு அறிவிப்பதும், அவர் அதனைப் பதிவதிகாரிகளுக்கு அறிக்கையிடுவதும் சட்டம் வகுத்த ஒழுங்கு. கூலியை நிர்ணயித்த கையே பிறப்பையும் அறிவித்தது. பெற்றோர் தமிழில் உச்சரித்த பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பேர்ப் பதிவுக் கணக்கில் ஒரு பெயரும், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயரும், கோயிலிலும் வீட்டிலும் வேறொரு பெயருமாகத் தொழிலாளி வாழ நேர்ந்தது. அந்த வேறுபாடு அவனுக்கு அந்நாளில் இடராய் இருக்கவில்லை. எவரும் அவனிடம் பத்திரம் கேட்கவில்லை. அவனது உழைப்பையே கேட்டனர்.

1948 இந்நிலையை மாற்றிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. ஆளும் வர்க்கத்தின் விடை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமாக வந்தது. 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரஜையாவதற்கு, அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்.

இந்த நிபந்தனையை ஆண்டுக் கணக்கோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1948இல் நாற்பது வயதான தொழிலாளியின் தந்தை ஏறத்தாழ 1880களிலும், பாட்டன் 1850களிலும், பூட்டன் 1820களிலும் பிறந்திருக்கலாம். கட்டாயப் பதிவு தொடங்கியதோ 1867இல். ஆகவே பாட்டனுக்கும் பூட்டனுக்கும் அத்தாட்சி இருந்திருக்க நியாயமில்லை. சிங்களக் கிராமத்து விவசாயிக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் இதுவே நிலை. ஆயின் அவர்களிடம் அத்தாட்சி கேட்கப்படவில்லை. அவர்கள் பிரஜைகளெனக் கொள்ளப்பட்டனர். சட்டத்தின் சொற்கள் யாவர்க்கும் பொதுவாயிருக்க, நிறுவும் சுமை மட்டும் ஒரு வர்க்கத்தின் தோளில் ஏற்றப்பட்டது.

இச்சட்டத்தின் நிழல் பிறப்புப் பதிவுப் படிவத்தின் மீதும் விழுந்தது. அதன்பின் நெடுங்காலம் வழங்கிய படிவத்தின் கூடுகளை நோக்குக. பெற்றோரின் இனம் கேட்கப்படுகின்றது. பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என வினவப்படுகின்றது. தொடர்ந்து, பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயரும் பிறந்த ஆண்டும் இடமும். தந்தை இலங்கையிற் பிறவாது பூட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவரைப் பற்றிய அதே விவரங்கள். இக்கூடுகள் பிரஜாவுரிமைச் சட்டத்தின் வாசகத்தையே கட்டங்களாக்கியவை எனலாம். விவாகம் பற்றிய வினாவும் ஒழுக்கத்தை மட்டும் பற்றியதன்று: விவாகத்துக்குப் புறம்பாய்ப் பிறந்த பிள்ளைக்கே தாய்வழியாக உரிமை வந்தது, ஏனையோர்க்குத் தந்தையே வழி. இவ்வேற்றத்தாழ்வு 2003இலேயே நீங்கியது.

இனித் திருத்தம் என்ற செயலை நோக்குவோம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் எழுத்துப் பிழைக்கு ஒரு வழியும், பெயரைப் புகுத்தவோ மாற்றவோ வேறொரு வழியும், காலங்கடந்த பதிவுக்கு மற்றொரு வழியும் வகுத்தது. பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. திருத்தம் அதனருகே ஏறுகின்றது. சான்றாகப் பாடசாலைப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், சாதகக் குறிப்பு, சத்தியக் கடதாசி என்பன கோரப்படுவது வழக்கம். ஓர் ஆவணத்தைத் திருத்த இன்னோர் ஆவணம் வேண்டும் என்பதே இதன் சாரம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த இன்னோர் ஆவணம் எங்கே இருந்தது? பேர்ப் பதிவுக் கணக்கும், தோட்டப் பாடசாலைப் பதிவும், மருத்துவ ஏடும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பாட்டனின் பிறப்பிடத்தைச் சேர்க்க விரும்பியவன் பாட்டனின் பதிவையே காட்டவேண்டியவனானான். இல்லாமையை நீக்குதற்கு இல்லாததையே சான்றாகக் கேட்பது இம்முறையின் உள்முரண்பாடாகும்.

இது மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணச் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்டோர் தம் பிள்ளைக்கு விரும்பிய பெயரிடும் உரிமையும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ‘கந்தசாமி’ எனச் சொல்லப்பட்டது ‘கந்தன்’ எனக் குறுகும் சமூகத்திற் பெயர்த் திருத்தம் மானத்தின் மீட்பாகின்றது. தந்தையின் அந்தஸ்தைக் கேட்ட கூடும் நிலமானிய மனப்பாங்கின் எச்சமே.

மலையகத்தின் கணக்கை எண்கள் உரைக்கும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன; உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் தலைவிதியை 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

இறுதியில், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. பாட்டனின் பிறப்பிடம் அதற்குத் தேவைப்படவில்லை. அரை நூற்றாண்டாகச் சான்று போதாது எனச் சொல்லப்பட்டது, அரசியற் சித்தம் மாறியதும் சான்றின்றியே இயன்றது. ஆகவே குறை தொழிலாளியின் பத்திரத்தில் இருந்ததன்று. திருத்தப்பட வேண்டியிருந்தது பதிவன்று, சட்டமே என்ற முடிவுக்கே வரலாறு நம்மை இட்டுச் செல்கின்றது. இன்றும் எழுத்து வேறுபட்ட ஒரு பெயருக்காகக் கந்தோர் வாயிலில் நிற்பவரை அறியாமைக்காகக் குறைகூறுமுன், அவ்வெழுத்தை இட்ட கை எவருடையது என்பதனை நாம் கேட்டல் வேண்டும்.