தோட்டா அறையும் ஆட்சியும்: அந்தியூர் மலையடிவாரத்தை முன்வைத்து ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கிகளின் அளவு மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு துப்பாக்கியின் தோட்டா அறையை வேறொரு தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைப்பது தொழில்நுட்பச் செயலாகவே பெரிதும் நோக்கப்படுகிறது. காலனிய இந்தியாவில் அது யார் எந்தத் தோட்டாவைச் சுடலாம் என்பதை வரையறுக்கும் ஆட்சிக் கருவியாகவும் இயங்கியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அந்தியூர், பர்கூர் மலை, தோட்டா அறை, மார்ட்டினி-ஹென்றி, ஆயுதச் சட்டம்.

முன்னுரை

கொங்குநாட்டின் ஆயுத வரலாறு பாளையக்காரர் காலத்து வாள், வேல் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இப்பகுதி கும்பினியாட்சியின்கீழ் வந்தது. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமம் என்னும் முறையை நாடெங்கும் விரிவாக்கியது. குதிரை, மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற அந்தியூர், பர்கூர் மலையின் அடிவாரத்தில், மைசூர் எல்லைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது. படை, வேட்டை, பயிர்க்காவல் என்னும் துப்பாக்கியின் மூன்று பயன்களையும் இணைத்து நோக்க இத்தகைய மலையடிவாரம் ஏற்ற களமாகும்.

மாற்றத்தின் தொழில்நுட்பம்

தோட்டா அறை என்பது குழலின் பின்முனையில் தோட்டாவின் உறை அமரும் பகுதி. கடைசல் கருவியால் உலோகத்தை நீக்க இயலும். நீக்கியதைச் சேர்க்க இயலாது. எனவே பழைய அறையைவிடப் புதிய தோட்டாவின் உறை பெரிதாகவும், குண்டின் விட்டம் குழலுக்குப் பொருந்துவதாகவும் இருந்தால் மட்டுமே அறையைக் கடைந்து மாற்றுவது போதுமானது. சிறிய குண்டுக்கு மாற வேண்டுமெனில் குழலையே மாற்ற வேண்டும். ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி இல்லை. ஆதலால் அறை, உறையை வெளியே இழுக்கும் கொக்கி, அடிமுள் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். எனினும் பூட்டுப்பகுதி புதிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குமா என்பதே இறுதி வினாவாகும்.

படைத்துறையில் அளவு மாற்றம்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்களிடமிருந்து 0.577 அங்குல என்ஃபீல்டு வரிக்குழல் துப்பாக்கி திரும்பப் பெறப்பட்டது. அதன் சுழல்வரிகளைக் கடைந்து நீக்கி, 0.656 அங்குல விட்டமுள்ள வழுவழுப்பான குழலாக்கி அவர்களுக்கு வழங்கினர். குறி தவறாத தொலைவு இதனால் திட்டமிட்டே குறைக்கப்பட்டது. 1866இல் அதே என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்பகுதியை வெட்டி, பின்வழியே தோட்டா செலுத்தும் ஸ்னைடர் முறையைப் பிரித்தானியப் படை ஏற்றது. 1871இல் 0.450 அங்குலக் குழலுடைய மார்ட்டினி-ஹென்றி வந்தது. பிரித்தானிய வீரர் புதியதைப் பெறுகையில் இந்திய வீரர் பழையதைப் பெறுவது நடைமுறையாயிற்று.

1888இல் 0.303 அங்குல லீ-மெட்ஃபோர்டு ஏற்கப்பட்டதும், தேங்கிய மார்ட்டினி துப்பாக்கிகளுக்கு 0.303 அங்குலக் குழல்கள் பொருத்தப்பட்டன. 0.450 குழலுக்குள் 0.303 குண்டு தளர்ந்துபோகும் ஆதலால் அறையை மட்டும் மாற்றுவதற்கு இங்கு இடமிருக்கவில்லை. கார்டைட் மருந்துக்கு ஏற்ற என்ஃபீல்டு வரிகளுடன் 1895இல் மார்ட்டினி-என்ஃபீல்டு உருவாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது இந்தியக் காவல் பணிக்கான 0.410 அங்குலத் துப்பாக்கி. இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாப்பெட்டி மரக்கட்டையால் அடைக்கப்பட்டு, அது ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கியாக்கப்பட்டது, குழல் வரியற்றதாயிற்று. 0.303 தோட்டாவின் உறையையே கழுத்துச் சுருக்கமின்றி நேராக விட்டுப் புதிய தோட்டா செய்யப்பட்டது. முன்னேறிய ஒரு பொறியைப் பின்னோக்கி மாற்றிய இச்செயல், 0.656 அங்குல மாற்றத்தின் மறுபதிப்பு எனலாம்.

வேட்டைத் துப்பாக்கிகளும் தடையும்

களவுபோன தோட்டாக்கள் எல்லைப்புறக் கிளர்ச்சியாளரிடம் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு உதவக்கூடும் என்னும் அச்சத்தால், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் 0.450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவது தடுக்கப்பட்டது. அதன் விளைவாக ஜோசப் லாங் நிறுவனம் 0.470 தோட்டாவையும், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 0.465 தோட்டாவையும் 1907ஐ ஒட்டி அறிமுகப்படுத்தின. யானை வேட்டையின் தேவை இவ்வளவுகளைத் தோற்றுவிக்கவில்லை; ஆயுதச் சட்டமே தோற்றுவித்தது. வடகோயம்புத்தூர்க் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையாண்டது 0.405 அளவு வின்செஸ்டர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. அது பிரித்தானியப் படைத்தோட்டா அன்று. விடுதலைக்குப் பின்னரும் இத்தருக்கம் தொடர்ந்தது. அரசுத் தொழிற்சாலைகள் லீ-என்ஃபீல்டு பொறியிலேயே 0.315 அளவு அறை அமைத்துக் குடிமக்களுக்கான துப்பாக்கியை உற்பத்தி செய்தன.

பயிர்க்காவலும் வாய்வழித் துப்பாக்கியும்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5இல் துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் உரிமத்தை வேண்டுகிறது. பிரிவு 13 உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அதற்குத் தோட்டா இல்லை. தோட்டா அறையும் இல்லை. எனவே படைத்தோட்டா அதில் நுழைய வழியே இல்லை. 1866இல் பிரித்தானியப் படை கைவிட்ட முறை, மலையுழவர் தம் விளைச்சலைக் காக்கும் சட்டபூர்வக் கருவியாக நூறாண்டு கடந்தும் நீடிப்பதைக் காணமுடிகிறது. நாட்டுத் துப்பாக்கியைப் பழமையின் எச்சமாக மட்டும் கொள்ளும் பார்வை இதனால் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. மலைமக்களின் பின்தங்கிய நிலையாகத் தோன்றுவது, சட்டம் அவர்களுக்கு விட்டுவைத்த எல்லையாகும்.

முடிவுரை

0.577 இலிருந்து 0.656, 0.450 இலிருந்து 0.303, 0.303 இலிருந்து 0.410 என்னும் மாற்றங்களுள் சில ஆற்றலைப் பெருக்கின. சில அதனைக் குறைத்தன. சிக்கனம், நவீனமாக்கம், அவநம்பிக்கை ஆகிய மூன்றும் அவற்றில் கலந்துள்ளன. அருங்காட்சியகங்களிலும் குடும்பச் சேகரிப்புகளிலும் உள்ள துப்பாக்கிகளை ஆவணப்படுத்துவோர், பூட்டுப்பகுதியில் பொறித்த ஆண்டை மட்டும் கொண்டு காலம் கணித்தல் போதாது. குழலின் விட்டம், அறையின் வடிவம், வரிகளின் இருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து பதிதல் வேண்டும். அவற்றிடையே காணப்படும் முரணே, அத்துப்பாக்கி யாருக்காக மாற்றப்பட்டது என்பதற்கான முதன்மைச் சான்றாகும்.