லித்தியம் அயனி மின்கலத்தில் கரிம மின்வாய்

மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்முனையில் பெரும்பாலும் இருப்பது கிராபைட் ஆகும். பென்சில் முனையிலும் காணப்படும் இந்தக் கரிமம், தன்னைவிடப் பத்து மடங்கு கொள்திறன் கொண்ட லித்தியம் உலோகத்தை விலக்கிவிட்டு அவ்விடத்தைப் பிடித்தது. கிராபைட்டின் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லியாம்பியர் மணி. லித்தியம் உலோகத்துக்கு ஏறத்தாழ 3860.

1970களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் உருவாக்கிய மின்கலத்தில் எதிர்முனை லித்தியம் உலோகத்தால் ஆனது. திரும்பத் திரும்ப மின்னேற்றியபோது உலோகம் சீராகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்தது. அந்த ஊசி மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும், தீயும் பற்றும்.

கிராபைட் அடுக்கடுக்கான அமைப்புடையது. ஆறு கரிம அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற அளவில் அடுக்குகளுக்கு இடையே தங்கும். இச்சேர்மம் முன்பே அறியப்பட்டதுதான். ஆனால் அக்கால நீர்ம மின்பகுளிகளில் கரைப்பான் மூலக்கூறுகளும் அயனியுடன் உள்ளே நுழைந்து அடுக்குகளை உரித்துவிட்டன. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ரஷீத் யசாமி திண்மப் பலபடி மின்பகுளியைக் கையாண்டு, அயனிகள் மட்டும் சென்று திரும்புவதைக் காட்டினார். இம்முடிவுகள் 1983 ஆம் ஆண்டில் வெளியாயின.

ஜப்பானின் அசாகி கசெய் நிறுவனத்தில் அக்கிரா யோஷினோ வேறு வழியில் வந்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது பாலிஅசெட்டிலீன் என்னும் மின்கடத்தும் நெகிழி. அதன் அடர்த்தி குறைவு என்பதால் மின்கலத்தின் பருமன் குறையவில்லை. பின்னர் கரிம இழையையும், பாறை எண்ணெயைச் சுத்திகரிக்கையில் எஞ்சும் கற்கரியையும் சோதித்தார். கற்கரியின் அடுக்குகள் ஒழுங்கற்றவை. அந்தக் குறையே அதை உரியாமல் காத்தது. ஜான் குட்இனஃப் 1980 இல் ஆக்சுபோர்டில் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக்கி, 1985 இல் மாதிரி மின்கலம் உருவாயிற்று. கனத்த இரும்புத் துண்டை அதன்மீது போட்டுப் பார்த்தபோதும் அது தீப்பற்றவில்லை. லித்தியம் உலோக மின்கலமோ வெடித்தது. சோனி நிறுவனம் 1991 இல் இவ்வகை மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எத்திலீன் கார்பனேட் கலந்த மின்பகுளியில் கிராபைட்டின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி உரிதலைத் தடுக்கிறது. இது தெளிவானபின் கிராபைட் கற்கரியின் இடத்தைப் பெற்றது.

விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ ஆகியோர் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். யசாமிக்கு அதில் இடம் கிடைக்காதது வியப்பே; 2014 இன் டிரேப்பர் பரிசில் அவரும் பங்கு பெற்றிருந்தார்.

ஊசிச் சிக்கல் இன்னும் முழுதாக நீங்கவில்லை. கடுங்குளிரிலோ மிக வேகமாகவோ மின்னேற்றினால், அடுக்குக்குள் நுழைய நேரமின்றி லித்தியம் கிராபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது.