சேலம் வக்கீலுக்குச் சென்னையில் கிடைத்த வீடு

1919 மார்ச். ரௌலட் சட்டத்துக்கு எதிராக ஆதரவு திரட்டச் சென்னை வந்த காந்தி, கதீட்ரல் சாலையில் ஒரு வீட்டில் தங்கினார். ‘இந்து’ அதிபர் கஸ்தூரிரங்க ஐயங்காரின் விருந்தாளி என்றே தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவத்தோடு ஒதுங்கியே நின்ற ஒருவர்தான் உண்மையில் தங்களை உபசரிப்பவர் என்று தன் செயலாளர் மகாதேவ தேசாய் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. வீடு ஐயங்காருடையது, குடியிருந்தவர் ராஜாஜி. சேலத்தை விட்டு அப்போதுதான் வந்திருந்தார், அதுவும் ஐயங்கார் போன்ற நண்பர்கள் வற்புறுத்தி அழைத்ததால்.

செல்வாக்குள்ளவர் கைதூக்கிவிட்டார், ஆள் மேலே வந்துவிட்டார் என்று இதோடு கதையை முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர்கள் சேலத்தில் கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளி, அன்று சேலம் ஜில்லா. அங்கே முன்சீப்பின் மகனாக 1878-ல் பிறந்தவர், 1900-ல் சேலம் கோர்ட்டில் தொழில் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் பெயர் எடுத்து, பணமும் சம்பாதித்தார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்த்த வேலை அது. மறு ஆண்டே, ராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடு மீதான ராஜத்துரோக வழக்கில் அவருக்காக வாதாடினார். ஆங்கிலேய அரசு முறைத்துப் பார்க்கும் கட்சிக்காரருக்காகக் கோர்ட் ஏறுவது நல்ல வருமானமுள்ள வக்கீலுக்கு லாபமான காரியமல்ல. இதற்கிடையில், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க 1916-ல் ஒரு சங்கமும் தொடங்கியிருந்தார்!

இதையெல்லாம் பார்த்துத்தான் சென்னை அவரைக் கூப்பிட்டது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றைய வக்கீல் தொழிலில் ராஜாஜியைப் போன்ற பிராமணர்களின் கை ஓங்கியிருந்தது. சேலத்திலேயே விஜயராகவாச்சாரியார் என்ற பிராமண வக்கீல் பெரிய தலையாக இருந்தார். இதே உழைப்பைப் போட்ட வேறு சாதி இளைஞனுக்குக் கதீட்ரல் சாலைக் கதவு இவ்வளவு சுலபமாகத் திறந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

கதவு திறந்த பிறகு நடந்தது அவருடைய சாமர்த்தியம். நாடு தழுவிய ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது அந்த வீட்டில்தான். அதை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். இரண்டே ஆண்டுகளில் ராஜாஜி காங்கிரஸின் பொதுச் செயலாளர்.

வக்கீல் தொழிலை உதறியவர் 1925-ல் மறுபடி சேலம் பக்கமே வந்தார். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்க அவருக்கு நிலம் தந்தவர் ஒரு ஜமீன்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.